சுடாத மணலில் நடந்தவர்

அட்டாளைச்சேனையில் ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு வகுப்புக்குப் போயிருந்தேன். காலை இடைவேளையில் சந்தித் தேநீர்க் கடைக்கு வந்து நின்றபோது கல்முனையிலிருந்து வந்து திரும்பிப் போகும் பஸ் வந்தது. கண்டக்டர் என்னைக் கண்டதும் பீடியை எறிந்துவிட்டுக் கிட்ட வந்தார். "மாஸ்டர், உங்களுக்குச் செய்தி வந்ததா? உங்கட பாடசாலை வெறுங்கால் மாஸ்டர் மவுத்தாகிட்டாராம். சுபஹுக்குப் பொறகாம்" என்றார்.

வெறுங்கால் மாஸ்டர் என்று ஊர் அழைத்த ஆதம்பாவா மாஸ்டர் எனக்கு மச்சான். என் சாச்சியின் மகள் ஸுலைஹாவைக் கலியாணம் முடித்து எங்கள் வளவுக்கு வந்தவர். ஒரே பாடசாலையில் அவர் கணக்கும் நான் தமிழும் படிப்பித்தோம். அவருடைய வலது காலை ஆஸ்பத்திரியில் எடுத்துப் பல மாதமாகியும் ஊர் அந்தப் பெயரை மட்டும் எடுக்கவில்லை. கண்டக்டருக்கு எங்கள் உறவு தெரியாது. மரணச் செய்திக்குச் சொல்லும் இன்னாலில்லாஹியைச் சொல்லிவிட்டு நான் அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வகுப்பில் வைத்த குடை அங்கேயே கிடந்தது.

பஸ்ஸுக்குள் செய்தி எனக்கு முன்பே ஏறியிருந்தது. எனக்குப் பின்னால் இருந்த இருவரும் அவரைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு வந்தார்கள். "செருப்பில்லாம நடந்து நடந்துதான் மனிசன் போனார். படிச்ச ஆளுக்கு இது தேவையா?" என்றார் ஒருவர். "வாய வெச்சிக்கிட்டு இரி. அது சும்மா கால் இல்ல. கெளுத்தி முள்ளு ஏறியும் நோகாத கால்" என்றார் மற்றவர். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. அன்று பஸ்ஸில் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே அவரை அறிந்தவர்களுக்கு எழுதுகிறேன். வெறுங்காலோடு நடந்தது அவரைக் கொல்லவில்லை. அவருடைய கால் அற்புதமும் செய்யவில்லை. நடந்தது என்னவென்று அருகில் இருந்து பார்த்தவன் நான்.

அவர் பிறந்த நாள் முதல் வெறுங்காலோடு திரிந்தவர் என்று இளம் ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். நான் அறிந்த ஆதம்பாவா மாஸ்டர் சப்பாத்துக்காரர். வெள்ளைச் சாரன், கோட்டு, கறுப்புச் சப்பாத்து. அந்தச் சப்பாத்து கிறீச்சிடும். அவர் வராந்தா முனையில் வரும்போதே மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லத் தொடங்கிவிடும். கல்முனையில் அப்போது சப்பாத்துப் போட்டவர் உத்தியோகத்தர், போடாதவர் வயற்காரர் அல்லது கடற்காரர். வயற்காரர் வீட்டில் பிறந்து படித்து வந்த மனிதர் தன் சப்பாத்தை எவ்வளவு கவனமாகத் துடைப்பார் என்று அவரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

ஐம்பது வயதை நெருங்கியபோது அவருக்கு நித்திரை கெட்டது. முழங்காலும் இடுப்பும் பிடித்துக்கொண்டன. கதிரையிலிருந்து எழும்ப மேசையைப் பிடிப்பார். இந்தியாவிலிருந்து வரும் இயற்கை வைத்தியச் சஞ்சிகை ஒன்று எப்படியோ அவர் கையில் கிடைத்தது. விடியற்காலையில் ஈர மணலில் வெறுங்காலோடு நடந்தால் நித்திரை வரும், மூட்டு இளகும் என்று அதில் இருந்ததாம். எதையும் வழி காட்டிச் செய்து பார்க்காமல் விடை எழுத விடாதவர் அவர். அடுத்த நாளே விடியற்காலைத் தொழுகையான சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரையில் இறங்கினார்.

முதல் நாள் அவர் நடந்த நடையை நான் மறக்கமாட்டேன். ஒவ்வொரு சிப்பிக்கும் ஒவ்வொரு குச்சிக்கும் "ஸ்" என்று மூச்சை இழுத்துக்கொண்டு, சாரனை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். கரைவலை இழுத்துக்கொண்டிருந்த மீராலெவ்வைத் தண்டயல் வலைக்கயிற்றை விட்டுவிட்டு நின்று பார்த்தார். அந்தக் கரையில் தோணியும் வலையும் அவர் பொறுப்பில்தான். "என்ன மாஸ்டர், சப்பாத்த ஆரும் களவெடுத்துட்டானா? ஆளச் செல்லுங்க, பிடிச்சித் தாறன்" என்றார். வலையிழுத்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மாஸ்டர் கோபப்படவில்லை. "நான்தான் களவெடுத்தன் தண்டயல், எனக்கிட்டேருந்து" என்று சொல்லிவிட்டு அடுத்த சிப்பியில் காலை வைத்தார்.

சஞ்சிகை சொன்னது பொய்யாகவில்லை. ஒரு மழைக்காலம் கழிவதற்குள் அவருக்கு நித்திரை திரும்பியது. மேசையைப் பிடிக்காமல் எழும்பினார். எனக்கு அந்த நாட்களில் குதிக்கால் வலி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடியை நினைத்தாலே பயம் வரும். "வா மச்சான், வந்து பாரு. மணல் உன்ட காலப் பிசைஞ்சி விடும், காசில்லாம" என்று இழுத்துக்கொண்டு போனார். இரண்டு மாதத்தில் அந்த வலி எந்தப் பக்கமாகப் போனது என்று தெரியவில்லை. இதை நான் பட்டு அறிந்ததால் சொல்கிறேன். ஈர மணலில் விரல்கள் விரிகின்றன, கெண்டைக்கால் வேலை செய்கிறது, வெறுங்காலோடு நடப்பவன் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் பார்த்து நடக்கிறான். "சப்பாத்துப் போட்டவன் ஊரப் பார்த்து நடப்பான், போடாதவன் நிலத்தப் பார்த்து நடப்பான்" என்று அவர் சொல்வார். பிறகு புடவைக் கடைக்காரர் ஒருவர் வந்தார், தபாற்கந்தோரில் வேலை செய்த ஒருவர் வந்தார். கடைசியில் சிரித்த தண்டயலும் வலை இல்லாத நாட்களில் எங்களோடு நடந்தார்.

எங்கள் நடைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. கடலோரப் பள்ளிவாசலில் சுபஹு தொழுவோம். அலை நனைத்த மணலிலேயே வடக்குப் பக்கம் போய்த் திரும்புவோம். திரும்பியதும் பள்ளிவாசலின் ஹவுழில், அதாவது தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழுச் செய்யும் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து கால் கழுவுவோம். விடியற்காலைத் தண்ணீர் எலும்புவரை குளிரும். புடவைக் கடைக்காரர் ஒவ்வொரு நாளும் காலை வைத்ததும் ஐயோ என்பார். நாங்கள் சிரிப்போம். மாஸ்டரும் முதலில் பல்லைக் கடிப்பார். எந்த மாதத்திலிருந்து அவர் பல்லைக் கடிக்காமல் விட்டார் என்று இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

பாடசாலைக்கும் அவர் வெறுங்காலோடு வரத் தொடங்கினார். தலைமை ஆசிரியருக்கு அது தலையிடி. வித்தியாதரிசி பரிசோதனைக்கு வருகிற நாளிலாவது சப்பாத்துப் போடும்படி கெஞ்சினார். மாஸ்டர் போடவில்லை. வித்தியாதரிசி வகுப்புக்குள் வந்து, கரும்பலகையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், கீழே பார்த்தார். "மாஸ்டர், உங்கள் சப்பாத்து எங்கே?" என்றார். "வீட்டில இரிக்கி ஐயா. பின்னக் கணக்குக்கு அது தேவைப்படல்ல" என்றார் இவர். தலைமை ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் தேநீர் நேரத்தில் வித்தியாதரிசி மாஸ்டரைத் தனியாக ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் தன் முழங்காலைக் காட்டிக்கொண்டிருந்ததை நான் கண்டேன். மறுநாள் காலையில் வித்தியாதரிசிகள் தங்கும் வாடிவீட்டுப் பக்கமிருந்து ஒரு பெரிய மனிதர் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் தத்தித் தத்தி வந்தார். நாங்கள் சலாம் சொன்னோம். அவர் எங்களைத் தெரியாதவர் மாதிரிப் போனார்.

அவர் கண்மூடித்தனமான ஆள் என்று நினைப்பவர்களுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுகாதாரப் பகுதியிலிருந்து ஒருவர் படங்களோடு வந்து கொழுக்கிப் புழுவைப் பற்றிப் பேசினார். அசுத்தமான ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றால் அந்தப் புழு தோலைத் துளைத்து உள்ளே போய் இரத்தத்தைக் குடிக்கும், எல்லோரும் செருப்புப் போடுங்கள் என்றார். கூட்டத்தில் எல்லாத் தலையும் மாஸ்டர் பக்கம் திரும்பியது. அவர் எழுந்து நின்றார். "ஐயா செல்றது முழுக்கச் சரி. வளவுக்குள்ள, வாழைக்கு அடியில, புள்ளைகள் வெளிக்கிருக்கிற இடத்தில கட்டாயம் செருப்புப் போடுங்க. நான் நடக்கச் செல்றது அலை கழுவின மணலில. ரெண்டும் ஒரே நிலம் இல்ல" என்றார். அந்தக் கிழமை தன் பிள்ளைகளுக்கு அவரே செருப்பு வாங்கிக் கொடுத்தார்.

பிறகு அந்தக் கோடை வந்தது. ஒரு நாள் நடுப்பகல் லுஹர் நேரம், பள்ளிவாசலிலிருந்து தென்னந்தோப்புக்குக் குறுக்கே போக வேண்டியிருந்தது. நடுவில் இருந்தது வெறும் வெள்ளை மணல். அந்த வெயிலில் நாய்கூட அதில் இறங்காது. நான் செருப்போடு ஓடினேன். அவர் வெறுங்காலோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை மண்டபத்தில் நடப்பது போல நடந்து வந்தார். நிழலுக்கு வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சுடுதில்ல மச்சான். கொஞ்சமும் சுடுதில்ல. கால் பழகிட்டு" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னவென்று எழுதுவது. மூன்று வருட நடைக்குக் கிடைத்த பெறுபேறு என்று அவர் நம்பினார். நாங்கள் எல்லோரும் நம்பினோம். புடவைக் கடைக்காரர் தனக்கு இன்னும் சுடுகிறதே என்று கவலைப்பட்டார்.

அந்த நாட்களில் அவர் மெலிந்தும் போனார். நிறையத் தண்ணீர் குடித்தார். வகுப்பின் நடுவில் வெளியே போய் வந்தார். நடையால் ஊளைச்சதை கரைகிறது, தண்ணீர் குடிப்பது உடம்பைக் கழுவுகிறது என்றே அவரும் நாங்களும் எடுத்துக்கொண்டோம். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று கூப்பிடும் ஸுலைஹா மட்டும் ஒருநாள் வந்து சொன்னாள். "காக்கா, இவர்ட காலப் பாருங்க. கொப்புளம் கட்டி உடைஞ்சிரிக்கி. கேட்டா, எப்ப வந்ததெண்டு தெரியா எண்டு செல்றார். செருப்புப் போடச் செல்லுங்க. நான் செல்லி அலுத்திட்டன்." நான் சொன்னேன். அவர் கொப்புளத்துக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிக்கொண்டு நடந்தார்.

ஊர் எல்லாம் பேசும் அந்தக் கெளுத்தி முள்ளின் கதை இப்படித்தான் நடந்தது. வலைக்காரர் கெளுத்தி மீனின் முள்ளை முறித்து மணலில் எறிந்துவிடுவார்கள். அது குத்தினால் கடலில் பிறந்து வளர்ந்த ஆண்களே மணலில் புரண்டு அழுவார்கள். ஒரு காலை நாங்கள் நடந்து திரும்பி, பள்ளிவாசலின் சீமெந்துப் படியில் ஏறி, ஹவுழுக்குப் போனோம். நான் பின்னால் வந்தேன். படியிலும் தளத்திலும் ஒரு காலின் அடையாளம் சிவப்பாக விழுந்துகொண்டு போனது. "மச்சான், ரத்தம்" என்றேன். அவர் திரும்பி, தளத்தைப் பார்த்தார். "ஆருட ரத்தம்?" என்று கேட்டார்.

தண்டயல்தான் அவரை உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். முள் பெருவிரலுக்குக் கீழே முழுவதுமாக ஏறியிருந்தது. அதை அவர் இரண்டு விரலால் பிடித்து இழுத்தபோது நாங்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்தோம். மாஸ்டர் தண்டயலின் தலைக்கு மேலால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்டயல் முள்ளை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மனிசக் கால் இல்ல மாஸ்டர். அல்லாஹ் உங்களுக்கு என்னவோ தந்திரிக்கான்" என்றார்.

லுஹருக்கு முன் ஊருக்குத் தெரிந்துவிட்டது. கறாமத்து, இறைநேசரின் அற்புதம் என்றார்கள். பின்னேரம் அஸறுத் தொழுகைக்குப் பிறகு சாய்ந்தமருதுப் பக்கத்திலிருந்து காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்து, அவர் வீட்டு வாசலில் அவர் மிதித்த மண்ணைக் கேட்டாள். அவர் வாழ்க்கையில் ஒரு பெண்ணோடு சத்தம் போட்டுக் கதைத்தது அன்றைக்குத்தான். "மண்ணக் கொண்டுபோய் என்ன செய்யப்போறாய்? புள்ளையக் கொண்டுபோய் அப்போதிக்கரிக்குக் காட்டு புள்ள. கறாமத்துமில்ல ஒண்டுமில்ல. இது பழக்கம்" என்றார். ஊர் கறாமத்து என்றது. அவர் பழக்கம் என்றார். இரண்டும் பிழை என்று சொல்ல அந்த வாசலில் ஒருவரும் இருக்கவில்லை.

சொன்னவர் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயா. அந்தப் பெண் பிள்ளையோடு அவரிடம் போய், வெறுங்கால் மாஸ்டர் அனுப்பினார் என்று சொல்லி, முள்ளின் கதையையும் சொல்லியிருக்கிறாள். ஐயா அன்று பொழுது படுவதற்குள் சைக்கிளில் வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். மாஸ்டரைக் கதிரையில் இருக்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொன்னார். "நான் ஊசியால தொடுவன். தொடுற நேரமெல்லாம் ஓம் எண்டு செல்லுங்கோ" என்றார். மாஸ்டர் கண்ணை மூடினார். ஐயா கீழே குந்தி இருந்து பாதத்தின் அடியில் குத்தினார், விரலில் குத்தினார், குதியில் குத்தினார், கணுக்காலில் குத்தினார். சிறு சிறு இரத்தப் புள்ளிகள் வந்தன. ஸுலைஹா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து மாஸ்டர், கண் மூடியபடியே, மரியாதையாகச் சொன்னார். "தொடங்குங்க ஐயா. நான் ஆயத்தம்."

ஐயா எழுந்து அவர் தோளில் கையை வைத்தார். மறுநாள் டிஸ்பென்சரியில், நீல மருந்தில் மாஸ்டரின் சிறுநீரை விட்டுக் காய்ச்சியபோது அது செங்கல் நிறத்துக்கு மாறியதை நானும் நின்று பார்த்தேன். சலரோகம், அதாவது நீரிழிவு. எத்தனையோ காலமாக உள்ளே இருந்திருக்கிறது. கால் பழகவில்லை, கால் செத்துக்கொண்டு வந்திருக்கிறது. அதைத்தான் நாங்கள் ஆரோக்கியம் என்று கொண்டாடியிருந்தோம். திரும்பி வரும் வழியில் எங்கள் வீட்டு ஒழுங்கை முனையில் அவர் நின்றார். "கணக்கில ஒரு பிழை விட்டா விடை பெரிசா வரும் மச்சான். பெரிசா வந்ததப் பார்த்துச் சந்தோசப்பட்டிட்டன்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று பின்னேரமே ஸுலைஹா மெத்தென்ற தோற்செருப்பு ஒரு சோடி வாங்கி வைத்தாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் காலில் போட்டார். சீனியை விட்டார், சோற்றைக் குறைத்தார். ஆனால் முள் போன வழி மூடவில்லை. ஊசி போட்டார்கள், மருந்து கட்டினார்கள். பெருவிரல் கறுத்தது, பிறகு அடுத்த விரல். மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே நன்றாகத்தான் பார்த்தார்கள். காலை எடுக்காவிட்டால் ஆளைக் காப்பாற்ற முடியாது என்றார் டாக்குத்தர். கையெழுத்துப் போடுவதற்கு முன் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "எடுத்த காலக் குப்பையில போட விடாத. எங்கட ஊர்க் கடற்கரை மண்ணில அடக்கு. அது அங்கதான் நடந்தது" என்றார்.

எங்கள் மார்க்கத்தில் மனிதனின் உறுப்பும் மண்ணுக்கு உரியது. பள்ளிவாசல் லெப்பையிடம் விசாரித்தேன். "உசிரோட இருக்கிற மனிசன்ட காலுக்குத் தொழுகை இல்ல. வெள்ளைத் துணியில சுத்தி, மரியாதையா அடக்கினாப் போதும்" என்றார். ஆஸ்பத்திரியில் தந்ததைத் துணியில் சுற்றி, ஒரு பனையோலைப் பெட்டியில் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு கல்முனை பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்த கிழவர் களுவாஞ்சிக்குடி தாண்டியதும் கதை கொடுத்தார். "பெட்டிக்குள்ள என்ன மாஸ்டர், இவ்வளவு பக்குவமாப் பிடிச்சிருக்கிறீங்க?" என்று கேட்டார். "என்ட மச்சான்ட சாமான்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நல்ல மனிதர். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நான் அழுதேன். மூன்று வருடம் என் பக்கத்தில் நடந்த கால் அது.

ஊரார் அடங்கும் மையவாடியில் கடற்பக்கமாக ஒரு சிறிய குழி வெட்டினோம். தண்டயலும் நானும் லெப்பையும் மட்டும்தான். தண்டயல்தான் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். மண்ணைப் போட்ட பிறகும் அவர் போகாமல் என் பக்கம் திரும்பி நின்றார். "நான்தானே மாஸ்டர் செல்லித் திரிஞ்சன், அல்லாஹ் தந்த கால் எண்டு" என்றார். நான் அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மாஸ்டர் பாடசாலைக்கு வரவில்லை. வாசலில் கதிரை போட்டு இருப்பார், இடது காலில் மட்டும் அந்தத் தோற்செருப்பு இருக்கும். நாங்கள் நடையை நிறுத்திவிட்டோம் என்று அறிந்த அன்றுதான் அவருக்கு உண்மையாகக் கோபம் வந்தது. எங்களை எல்லாம் கூப்பிட்டு முன்னால் நிற்க வைத்தார். "என்னத்துக்கு நிப்பாட்டினீங்க? மணல் என்ன பிழை செஞ்சது? உங்கட நித்திரை உங்களுக்கு வேணாமா? நோகுற கால் இருக்கிறவன் நடக்கலாம். நோகாட்டிதான் பயப்படணும்" என்றார். பிறகு ஓர் ஒழுங்கு சொன்னார். ஹவுழில் உட்கார்ந்ததும் ஒருவர் பாதத்தை மற்றவர் பார்க்க வேண்டும். தண்ணீரில் காலை வைத்ததும் பக்கத்தில் இருப்பவர் "குளிருதா?" என்று கேட்க வேண்டும். வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். "நீங்களே உங்கட காலக் கேட்டா அது பொய் செல்லும். மத்தவன் கேக்கட்டும்" என்றார். புடவைக் கடைக்காரருக்கு முதலில் வெட்கமாக இருந்தது. மற்றவர் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்ப்பது எங்கள் ஊரில் சின்ன விஷயமல்ல. ஆனால் செய்தோம். ஒவ்வொரு காலையும் நடந்து முடிந்து அவர் வாசலால் போவோம். "எல்லாருக்கும் குளிருதா?" என்று கதிரையில் இருந்தபடி கேட்பார். ஓம் என்போம்.

நோய் காலோடு நிற்கவில்லை. கண் மங்கியது, உடம்பு ஊதியது. கடைசியாக நான் அட்டாளைச்சேனைக்குப் புறப்படுமுன் பார்க்கப் போனபோது அவர் கதிரையில் இல்லை, கட்டிலில் இருந்தார். ஸுலைஹா அவர் இடது பாதத்தை மடியில் வைத்து விரலிடுக்கெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தாள். "இவ தொடுறது தெரியாது மச்சான். தொடுறாள் எண்டு பார்த்துத்தான் தெரியும். பார்வையும் போனா என்ன செய்ற?" என்றார். அவர் தனக்காக வருந்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஸுலைஹா தலை நிமிராமல் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பஸ் கல்முனைக்கு வந்தபோது மையத்தை, அதாவது அவர் உடலை, குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். அஸறுக்கு அடக்குவோமா என்று சிலர் கேட்டார்களாம். ஸுலைஹா உள்ளேயிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறாள், காக்கா வந்ததும் லுஹருக்கே கொண்டுபோங்க, அவர் பிந்துறதை விரும்பமாட்டார் என்று. உச்சி வெயிலில் மையம் வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். மையவாடி வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். மணல் கொதித்தது. தோள் கொடுத்தவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். அவர் கால் முந்திப் போய்க் கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குழி வெட்டியிருந்தார்கள். மண் போட்டு, லெப்பை தல்கீன் ஓதி முடிக்கும்வரை நான் அந்த மணலில் அசையாமல் நின்றேன். நன்றாகச் சுட்டது. அவருக்கு இது கடைசிவரை சுட்டிருந்தால் அவர் இன்றைக்கு என் பக்கத்தில் நின்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு ஒருவரை ஒருவர் கூப்பிடாமலே எல்லோரும் கரையில் இறங்கினோம். கதை இல்லாமல் நடந்து திரும்பினோம். ஹவுழின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். தண்டயல் என் பக்கத்தில் இருந்தார். அவர் காலைத் தண்ணீரில் வைத்ததும் வழமைபோலக் கேட்டேன். "குளிருதா?" அவர் பதில் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்து மறுபடி கேட்டேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலதுல குளிருது மாஸ்டர். இடதுல தண்ணி இரிக்கெண்டு கண்ணுதான் செல்லுது" என்றார். "எத்தின நாளா?" என்றேன். "கொஞ்ச நாளா. அந்த மனிசனுக்கு முன்னால செல்ல மனம் வரல்ல. ஓம் ஓம் எண்டு செல்லிட்டு வந்தன்" என்றார்.

ஈரக் காலோடு அவரை எழுப்பி, என் செருப்பைக் கொடுத்து அப்போதிக்கரி ஐயாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். நீல மருந்து அவருக்கும் நிறம் மாறியது. நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றார் ஐயா. அவர் பாதத்தில் ஒரு காயமும் இல்லை. தண்டயல் இப்போது டயர்ச் செருப்புப் போட்டுக்கொண்டு வலை இழுக்கிறார். வலைக்காரப் பையன்கள் சிரிக்கிறார்கள். அவர் சிரிப்பவனைப் பிடித்து உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறார்.

மாஸ்டரின் கோட்டோ சஞ்சிகைகளோ எனக்கு வேண்டாம் என்று ஸுலைஹாவிடம் சொல்லிவிட்டேன். நான் வைத்துக்கொண்டது அவருடைய அந்த ஒரு கேள்வியை. வலி இல்லாத குதிக்கால் அவர் எனக்குத் தந்தது, அதையும் மறக்கவில்லை. ஒவ்வொரு காலையும் ஹவுழில் காலை வைக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார், நான் ஓம் என்கிறேன். பிறகு பாடசாலைக்குப் போகும் வழியில் அவர் வாசலால் போகிறேன். கதிரை இன்னும் அங்கேதான் கிடக்கிறது. யாருக்கும் கேட்காமல் சொல்லிவிட்டுப் போகிறேன்: குளிருது மச்சான்.